கட்அவுட்டும் நடுகல்லும்



2020-ஆம் ஆண்டு நெய்வேலியில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டும் உங்களுக்குத் தெரிந்தவைதாம். பிப்ரவரியில் என்.எல்.சி. சுரங்கத்தில் 'மாஸ்டர்' படப்பிடிப்பு நடந்தது. 5-ஆம் தேதி வருமான வரித்துறையினர் படப்பிடிப்புக்கே வந்து நடிகர் விஜய்யைச் சென்னைக்கு அழைத்துப் போனார்கள். விசாரணை முடிந்து அவர் திரும்பி வந்த பிறகு, நாள்தோறும் சுரங்க வாசலில் கூட்டம் திரண்டது. 9-ஆம் தேதி மாலை அவர் ஒரு வண்டியின் மேல் ஏறி நின்று, கூட்டம் முழுவதும் பின்னால் தெரியும்படி தன் கைப்பேசியில் ஒரு செல்ஃபி எடுத்தார். மறுநாள் நெய்வேலிக்கு நன்றி சொல்லி அதை ட்விட்டரில் போட்டார். அந்த ஆண்டு இந்தியாவிலேயே அதிகம் ரீட்வீட் செய்யப்பட்ட பதிவு அதுதான் என்று ஆண்டு முடிவில் ட்விட்டர் நிறுவனம் அறிவித்தது.

அதே ஆண்டு ஜூலை 1, காலை நேரம். இரண்டாம் அனல் மின் நிலையத்தின் ஐந்தாம் அலகில் பாய்லர் வெடித்தது. ஆறு பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். தீக்காயத்தோடு சென்னை மருத்துவமனைக்குப் போனவர்களில் பலர் அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொருவராகப் போனார்கள். மொத்தச் சாவு பத்தைத் தாண்டியது. அதற்கு எட்டு வாரம் முன்பு, மே 7-ஆம் தேதி, அதே நிலையத்தின் ஆறாம் அலகிலும் இப்படி ஒரு விபத்து நடந்து உயிர்கள் போயிருந்தன. இறந்தவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

பிப்ரவரி செல்ஃபியில் இருந்தவர்கள் தாங்கள் எந்த மூலையில் நிற்கிறோம் என்று இன்றும் விரல் வைத்துக் காட்டுவார்கள். ஜூலையில் இறந்தவர்களில் மூன்று பேரின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள், அவர்களுடைய உறவினரையும் உடன் வேலை பார்த்தவர்களையும் தவிர, இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

இங்கே உடனே ரசிகர்களைத் திட்டத் தொடங்குவது இத்தகைய சொற்பொழிவுகளின் வழக்கம். நான் அதைச் செய்யப்போவதில்லை. செல்ஃபியில் நின்றவர்களிலும் பாய்லர் அருகில் நின்றவர்களிலும் ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள் இருந்திருப்பார்கள். ஷிப்ட் முடிந்து வந்த ஒருவன் அரைமணி நேரம் சந்தோஷமாகக் கத்திவிட்டுப் போனால் அதில் யாருக்கு நட்டம்? சினிமா நமக்குத் தந்திருக்கும் மகிழ்ச்சி சின்னதல்ல. அந்த நடிகரும் தன் வேலையைப் பார்க்க வந்த இடத்தில் கூடியவர்களுக்கு நன்றி சொன்னார், அது பண்பு. சினிமாவுக்குள்ளும் தொழிலாளர்கள் சாகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தச் செல்ஃபிக்குப் பத்து நாள் கழித்து, பிப்ரவரி 19 அன்று, சென்னைக்கு அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். அவர்கள் பெயரும் நமக்கு நினைவில்லை. ஆகவே சினிமாக்காரர்கள் ஒரு பக்கம், மக்கள் சேவகர்கள் மறுபக்கம் என்று கோடு கிழித்துவிட முடியாது. முகம் தெரிந்தவர்கள் ஒரு பக்கம், தெரியாதவர்கள் மறுபக்கம் என்றுதான் கோடு விழுகிறது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் பேசுவோம். 'அரசு ஊழியர்' என்றதும் நம் மக்கள் மனத்தில் வருவது நள்ளிரவில் மழையில் கம்பம் ஏறும் லைன்மேன் அல்ல. பட்டா மாறுதலுக்கு நாலு தடவை அலையவிட்டவர்தான் வருகிறார். நடிகர் நம்மிடம் டிக்கெட் காசு தவிர எதையும் கேட்டதில்லை, அலுவலகம் கேட்டிருக்கிறது. பொதுப்பணியாளர்களை மக்கள் போற்றவில்லை என்று மேடையில் வருத்தப்படுகிறவர்கள் இந்தக் கசப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். லஞ்சம் வாங்கியவரும் கம்பத்தில் கருகியவரும் ஒரே பெயரின் கீழ் அடைபட்டுக் கிடக்கும்வரை, இரண்டாமவருக்குச் சேர வேண்டியதும் வந்து சேராது.

இதைப் பேசுவதற்கு, நாம் கூடியிருக்கும் இந்தத் திருவதிகையைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. கோயிலுக்குள் போய் அப்பர் திருமேனியைப் பாருங்கள். கையில் வில்லில்லை, வீணையில்லை. உழவாரம் இருக்கிறது. கோயில் முற்றத்துப் புல்லையும் முள்ளையும் செதுக்கி எடுக்கிற இரும்புக் கருவி. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெரும் கவிஞரை, துப்புரவுக் கருவியோடு நிறுத்தி வைத்துக் கும்பிடுகிற சமூகம் இது. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் உழவாரப்பணிக் குழுவினர் மண்வெட்டியும் துடைப்பமுமாகக் கோயில்களுக்கு வருகிறார்களே, அவர்களுக்கு முன்னோடி அவர். அவருக்கும் முன்னோடி அவருடைய அக்கா.

திலகவதியார் கதையைச் சேக்கிழார் சொல்லும் முறையைக் கவனியுங்கள். திருவாமூரில் பிறந்த பெண். கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு நிச்சயம் பேசுகிறார்கள். திருமணத்துக்கு முன்பே, மன்னன் ஏவலால் அவர் வடபுலத்துப் பகைவரோடு போருக்குப் போகிறார். அவர் திரும்புவதற்குள் இங்கே பெற்றோர் இருவரும் இறந்துவிடுகிறார்கள். பிறகு போர்க்களத்திலிருந்து சாவுச் செய்தி வருகிறது. தானும் உயிரை விடத் துணிந்த பெண், தம்பியின் கண்ணீரைப் பார்த்து நின்றுவிடுகிறாள். பின்னாளில் இந்தத் திருவதிகைக்கு வந்து, விடியுமுன் எழுந்து கோயிலைப் பெருக்கி, சாணத்தால் மெழுகி, பூப்பறித்துத் தொடுத்து வாழ்கிறாள். போரில் மாண்ட வீரர் ஒருவர், அவரை இழந்த பெண் ஒருத்தி, அவள் செய்த துப்புரவுப் பணி. இன்றைய என் தலைப்பில் உள்ளவை அனைத்தும் இந்த ஊரின் பழங்கதையிலேயே இருக்கின்றன.

ஆனாலும், தம்பி நாயன்மார் அறுபத்து மூவரில் ஒருவர். அக்கா அந்தக் கணக்கில் இல்லை. கலிப்பகையாரோ கதையை நகர்த்திவிட்டு மறைந்துபோகிறார். எந்தப் போர், எந்தக் களம், அவர் என்ன செய்தார், ஒன்றும் பதிவில்லை. நம் பழைய மரபையும் முழுக்கத் தூக்கி வைத்துக் கொண்டாடிவிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சேக்கிழாரைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. சோழ மன்னன் சீவக சிந்தாமணியில் மூழ்கிக் கிடந்தான், அமைச்சராக இருந்த சேக்கிழார் அவன் கவனத்தைத் தொண்டர்கள் பக்கம் திருப்புவதற்காகவே பெரியபுராணம் பாடினார் என்பது மரபு. சிந்தாமணி மிகப் பெரிய காவியம். அதன் பற்றாளர் யாரேனும் அவையில் இருந்தால் என்மீது கோபிக்க வேண்டாம். ஆனால் அதன் தலைவன் அழகன், வீரன், யாழ் வல்லவன், எட்டுப் பெண்களை மணந்தவன். அவனுக்கு மாற்றாக அமைச்சர் கொண்டுவந்து நிறுத்தியவர்களில் குயவர் இருந்தார், வண்ணார் இருந்தார், மீனவர் இருந்தார், செக்காட்டியவர் இருந்தார், நெசவாளர் இருந்தார். ஒவ்வொருவருக்கும் ஊர், பெயர், தொழில், செய்த செயல் எல்லாம் உண்டு. நட்சத்திர நாயகனுக்கு முன்னால் கைத்தொழில்காரர்களை நிறுத்தும் சண்டை நமக்குப் புதிதில்லை.

பெயரையும் செயலையும் எழுதிவைக்கும் வழக்கம் கல்லிலும் உண்டு. அப்பர் காலத்து மன்னன் என்று கருதப்படும் பல்லவன் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், இங்கிருந்து வடமேற்கே செங்கம் வட்டாரத்தில் உள்ள எடுத்தனூரில் ஒரு நடுகல் எழுந்தது. எருமை மந்தையைக் காக்கும்போது இறந்த ஒருவனுக்கான கல். அவன் பெயர் கருந்தேவக்கத்தி. வாளும் வில்லுமாக அவன் நிற்க, பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அந்த நாய்க்கும் தனியாகக் கல்வெட்டு உண்டு. கோவிவன் என்ற நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றதாக அது பதிவு செய்கிறது. அரசன் பெயரும் அதே கல்லில் வருகிறது. ஆனால் அது ஆண்டைக் குறிப்பதற்காக மட்டும் வருகிறது. நாய் வருவது தான் செய்த காரியத்துக்காக.

செங்கம் பகுதி நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களின் தொடக்கத்தில் தொகுத்து வெளியிட்டபோது, அரச வரலாறு தேடிய அறிஞர்களுக்கு ஆட்சியாண்டுகள் கிடைத்தன. எனக்கு அவற்றில் வேறொன்று தென்படுகிறது. இன்ன ஆண்டில், இன்ன ஊரில், இன்னாருடைய சேவகன் இன்னான், இன்ன தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்கும்போது பட்டான் என்று அவை எழுதுகின்றன. 'வீரன் ஒருவன்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவதில்லை. கல்லெடுத்தவர்கள் அவனால் பயன்பெற்றவர்கள். மாடு காப்பாற்றப்பட்ட ஊர், காப்பாற்றியவனுக்குக் கல் வைத்தது. தொல்காப்பியம் கல்லைத் தேடிப் பார்ப்பது தொடங்கி நீராட்டுவது, நடுவது, வாழ்த்துவது வரை படிப்படியாக இதற்குத் துறைகள் வகுத்திருக்கிறது. யாராவது எப்போதாவது செய்யும் நல்ல காரியமாக இதை விட்டுவிடவில்லை. மாண்டவனின் குடும்பத்துக்கு நிலம் விட்ட செய்தியும் கல்வெட்டுகளில் உண்டு. நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்று அந்த மானியத்துக்குப் பெயர். சிந்திய இரத்தத்துக்கான நிலம். மாலையோடும் பாட்டோடும் அவர்கள் கணக்கை முடித்துக்கொள்ளவில்லை.

இதோடு ஒப்பிட வேறு ஒரு வகைக் கல்லும் நம் மாநிலத்தில் இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்தபின் ஆங்கில அரசு பல ஊர்களில் சிறிய பலகைக் கற்களைப் பதித்தது. இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று அதில் இருக்கும். எண் இருக்கும், பெயர் இருக்காது. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைப்பார்கள். வீட்டுக்கு வீடு படையில் சேர்ந்த ஊர். அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் மெசபடோமியாவிலும் பிரான்சிலும் இறந்தார்கள். பேரரசு அவர்களை எண்ணியது, அவ்வளவுதான். பல்லவர் காலத்து ஊர் நாய்க்குக் கொடுத்த மரியாதையை அந்தப் பேரரசு மனிதனுக்குக் கொடுக்கவில்லை.

நாம் இன்று செய்வது இந்த இரண்டில் எதைப்போல இருக்கிறது? நம்மை நன்றிகெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. நன்றி தாராளமாகவே சொல்கிறோம். ஆனால் மொத்தமாகச் சொல்கிறோம். 'முன்களப் பணியாளர்களுக்கு நன்றி', 'எல்லையில் நிற்கும் ஜவான்களுக்கு வணக்கம்', 'தூய்மைப் பணியாளர்களைப் போற்றுவோம்'. வகைக்கு நன்றி சொன்னால் ஆளைப் பார்க்க வேண்டியதில்லை.

2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நாடே வாசலில் நின்று மருத்துவர்களுக்காகக் கைதட்டியது, தட்டைத் தட்டியது. நாலே வாரம். ஏப்ரல் 19 இரவு, கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் உடலைச் சென்னை வேலங்காடு இடுகாட்டுக்குக் கொண்டுவந்தவர்களை ஒரு கும்பல் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் ரத்தம் ஒழுக ஓடினார்கள். அவருடைய நண்பரான மருத்துவர் பிரதீப் குமார் நள்ளிரவில் திரும்பி வந்து, மருத்துவமனை ஊழியர்கள் இருவர் உதவியோடு தானே மண்ணைத் தள்ளிப் புதைத்தார். கைதட்டியவர்களும் கல்லெறிந்தவர்களும் வேறு வேறு ஆட்கள்தாம் என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அவ்வளவு உறுதியில்லை. கைதட்டியபோது 'மருத்துவர்கள்' என்ற கூட்டம்தான் கண்ணில் இருந்தது. உடல் வந்தபோது அது ஓர் ஆள். அந்த ஓர் ஆளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் பழக்கமில்லை.

தூய்மைப் பணியாளர் விஷயமும் அப்படித்தான். 2004 சுனாமியில் நாகப்பட்டினத்தில் அழுகத் தொடங்கிய உடல்களை எடுத்தவர்களில் வெளியூர் நகராட்சிகளிலிருந்து வண்டியில் ஏற்றிவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள் பலர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையைக் கழுவியதும் அப்படி வந்தவர்கள்தாம். கொரோனா காலத்தில் அவர்கள் கழுத்தில் மாலை விழுந்தது, காலில் பூ விழுந்தது. 2025 ஆகஸ்டில் சென்னையின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து அவர்கள் ரிப்பன் மாளிகை முன் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. நீதிமன்ற உத்தரவு இருந்தது, நடைபாதைப் பிரச்சினை இருந்தது, எல்லாம் சரி. மாலை போட்டவர்கள் அன்று எங்கே இருந்தோம்?

படைவீரர்களிடம் வருவோம். மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் இறந்தார். அதற்கு முந்தின நாள்தான் தமிழ்நாட்டில் நாமெல்லாம் வரிசையில் நின்று மக்களவைக்கு ஓட்டுப் போட்டோம். அதே நாளில் சோபியானிலும் வாக்குப்பதிவு. அங்கே தேர்தல் பணியாளர்கள்மீது தீவிரவாதிகள் நடத்திய தாக்குதலில் ஒரு வாக்குச்சாவடி அலுவலர் கொல்லப்பட்டார். அதற்குப் பொறுப்பானவர்கள் என்று கருதப்பட்டவர்களைத் தேடிப்போன நடவடிக்கையில்தான் மேஜர் உயிர் நீத்தார். அவரோடு சிப்பாய் விக்ரம் சிங்கும். மேஜருக்கு அசோகச் சக்கரம் கிடைத்தது. சென்னையில் அவர் இறுதி ஊர்வலத்துக்குப் பெருங்கூட்டம் வந்தது. பிறகு பத்து ஆண்டுகள் பெரும்பாலான தமிழர்கள் அவரை நினைக்கவில்லை. 2024 தீபாவளிக்கு அவர் கதையைச் சொல்லும் 'அமரன்' படம் வந்தது. சிவகார்த்திகேயன் முகத்தோடு முகுந்த் தெருவெல்லாம் வந்து நின்றார்.

'அமரன்' வெளிவருவதற்கு நான்கு நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, பக்கத்து விக்கிரவாண்டியில் விஜய்யின் தமிழக வெற்றிக் கழக மாநாடு. அங்கு வைத்த கட்அவுட்களில் ஒன்று கடலூர் அஞ்சலை அம்மாளுடையது. நம் மாவட்டத்து முதுநகர்ப் பெண். 1927-இல் சென்னையில் பிரிட்டிஷ் படை அதிகாரி நீல் சிலையை அகற்றச் சொல்லி நடந்த போராட்டத்தில் சிறுமியான மகளையும் அழைத்துக்கொண்டு சிறை சென்றவர். பின்னர் சட்டமன்ற உறுப்பினர். யார் இந்த அம்மாள் என்று கடலூர் மாவட்டப் பிள்ளைகளே அன்றிரவு கைப்பேசியில் தேடினார்கள். கட்சிச் சார்பு எதுவும் இல்லாமல்தான் சொல்கிறேன். எந்தக் கட்சி வைத்திருந்தாலும் நான் மகிழ்ந்திருப்பேன்.

ஒரே வாரத்தில் நடந்த இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நம் வீரர்கள் நம்மிடம் வந்து சேர, இப்போது ஒரு நட்சத்திரத்தின் தோளில் ஏறி வர வேண்டியிருக்கிறது. இதைக் குறை சொல்லலாமா என்று நான் வெகுநாள் யோசித்தேன். முற்றிலும் குறை சொல்ல மனம் வரவில்லை. வெளிச்சம் எங்கிருந்து வந்தாலும் வெளிச்சம்தான். ஆனால் அந்த வெளிச்சத்துக்குச் சில தேவைகள் இருக்கின்றன. காதல் வேண்டும், கடிதம் வேண்டும், பாட்டுக்கு இடம் வேண்டும், நாயகன் மேஜராக இருந்தால் நல்லது. சிப்பாய் விக்ரம் சிங் அந்தக் கதையில் துணைப் பாத்திரம். வாக்குச்சாவடிக்குப் பெட்டியோடு போய் உயிரை விட்டாரே ஓர் அலுவலர், அவரை வைத்து யாரும் படம் எடுக்கப்போவதில்லை. ஜனநாயகத்துக்காக இறந்தவர் என்று அகராதிப்படி ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவரைத்தான் சொல்ல வேண்டும்.

அரசாவது இதை ஈடுகட்டுமா? ஃபீல்ட் மார்ஷல் மானெக்ஷா 2008 ஜூன் 27 அன்று நம் நீலகிரியில், வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். 1971 போரை வென்று கொடுத்தவர். உதகையில் நடந்த அடக்கத்துக்குக் குடியரசுத் தலைவர் வரவில்லை, பிரதமர் வரவில்லை, பாதுகாப்பு அமைச்சர் வரவில்லை, முப்படைத் தளபதிகளில் ஒருவரும் வரவில்லை. மத்திய அரசு சார்பில் இணை அமைச்சர் ஒருவர் வந்தார். பாரத ரத்னா வரிசையையும் பாருங்கள்: எம்.ஜி.ஆருக்கு 1988, அம்பேத்கருக்கு 1990, வல்லபாய் படேலுக்கு 1991. எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தவர், சத்துணவு கொடுத்தவர், தகுதியில்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன். வரிசை மட்டும் தன் கதையைத் தானே சொல்கிறது. அண்மை ஆண்டுகளில் பத்மஸ்ரீ பட்டியலில் பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும், வயல் உழைப்பாளி பாப்பம்மாளும் இடம்பெற்றது நல்ல மாற்றம். இருந்தாலும் ஆண்டுக்கு நூற்றுச் சொச்சம் விருது வைத்துக்கொண்டு டெல்லி எத்தனை ஊருக்குக் கல் நட முடியும்?

படைவீரர்களுக்குச் செய்யும் மரியாதையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தில் இறந்தார். பரம வீர சக்கரம் பெற்றவர். தமிழ் அதிகாரி, தமிழ்ப் போராளிகளோடு நடந்த சண்டையில் மாண்டார். அவர் பணியாற்றிய இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் இலங்கையிலிருந்து திரும்பிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்தப் படை அங்கே செய்தவற்றை யாழ்ப்பாணத்து மக்களிடம் கேட்டவர்களுக்கு அவருடைய மறுப்பு புரியும். போரை ஏற்காமல் வீரனை மட்டும் ஏற்க முடியுமா என்ற கேள்விக்கு என்னிடம் சுலபமான விடை இல்லை. நடுகல் மரபில் மாடு மீட்டு இறந்தவனுக்கும் கல் உண்டு, மாடு கவர்ந்து இறந்தவனுக்கும் கல் உண்டு. அவரவர் ஊர் அவரவருக்கு வைத்தது. கல்லில் செயல்தான் எழுதப்பட்டது. யார் பக்கம் நியாயம் என்ற தீர்ப்பு எழுதப்படவில்லை. ஒருவேளை அதில் நமக்கு ஒரு வழி கிடைக்கலாம்.

திரும்பவும் நம் ஊருக்கு வருகிறேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு போன கதையை இங்கு யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்போது வெளிமாவட்டங்களிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்கிய மின்வாரிய வயர்மேன்கள், ஹெல்பர்கள், ஒப்பந்த ஆட்கள் கம்பத்தைத் தோளில் சுமந்து முந்திரிக் காட்டுக்குள் போனார்கள். நெய்வேலியில் எரியும் பழுப்பு நிலக்கரி வீட்டு விளக்காக மாறுவதற்கு நடுவில் இத்தனை மனிதக் கைகள் இருக்கின்றன என்பது இருட்டில்தான் நமக்குத் தெரிந்தது. விளக்கு எரிந்ததும் மறந்துவிட்டது. யார் வந்தார்கள், எந்த ஊர்க்காரர்கள், எந்தக் கம்பத்தை யார் நட்டார்கள், ஒன்றும் எழுதி வைக்கவில்லை. வைத்திருந்தால் அந்தக் கம்பங்கள் சிலவற்றில் இன்று பெயர் இருந்திருக்கும். அரசியல் கட்சியின் விளம்பரம் மட்டும் இருக்கிறது.

நெய்வேலியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1935-இல் தம் கிணற்றில் கறுப்பாக ஏதோ வருவதைக் கவனித்த ஜம்புலிங்க முதலியாரிலிருந்து தொடங்குவார்கள். 1956-இல் நிறுவனம், 1957-இல் சுரங்கத்தை நேரு தொடங்கிவைத்தது, சோவியத் உதவியோடு அனல் மின் நிலையம் என்று போகும். எல்லாம் சரியான வரலாறு. அதற்குள் ஊரைவிட்டு எழுந்து போன கிராமத்தார் ஒரு வாக்கியம், விபத்தில் இறந்தவர்கள் ஒரு எண். முன்னே சொன்ன ஆங்கிலேயர் பலகை ஞாபகம் வருகிறதா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. மரியாதை என்பது சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுக்கப்படும்போது அது மோசடி. பாதாளச் சாக்கடையில் இறங்கி இறந்தவரைத் தியாகி என்றால், இறக்கிவிட்டவர் தப்பித்துவிடுகிறார். இறந்தவர் எதற்காகவும் தியாகம் செய்யவில்லை, இறக்கினார்கள், இறந்தார். மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023-இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. உயர்த்த வேண்டிய தேவை வந்தது என்பதே சாவு நிற்கவில்லை என்பதற்குச் சான்று. ஒப்பந்தத் தொழிலாளிக்கு நிரந்தர வேலையும் பாய்லர் பக்கத்தில் பாதுகாப்பும் வாங்கித் தருவது சங்கங்களின் வேலை, அரசின் வேலை. நடுகல் அந்த வேலையைச் செய்யாது. ஆனால் என்ன நடந்தது என்று கல்லில் எழுதிவிட்டால், அதை மூடி மறைப்பது கொஞ்சம் கடினமாகும். 'பாய்லர் வெடித்து இறந்தார், ஒப்பந்தத் தொழிலாளி, வேலைக்குச் சேர்ந்து இத்தனை ஆண்டு' என்று ஒரு கல் சொல்லுமானால், அதைக் கடந்து போகிற அதிகாரி ஒவ்வொரு முறையும் அதைப் படிக்க வேண்டியிருக்கும்.

ஆண்டு தவறாமல் இந்தக் கூட்டத்தை நடத்திவரும் அறக்கட்டளைக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. சொற்பொழிவாளருக்குப் பொன்னாடை வாங்கும் காசில் தொடங்கக்கூடிய வேலைதான். நெய்வேலிச் சுரங்கங்களிலும் அனல் மின் நிலையங்களிலும் வேலையின்போது இறந்தவர்கள், இந்த மாவட்டத்தில் கம்பத்தில் இறந்த மின் ஊழியர்கள், சாக்கடையில் இறந்தவர்கள், கடலூர் மாவட்டத்திலிருந்து படைக்குப் போய்த் திரும்பாதவர்கள் ஆகியோரின் பெயர்களை ஊர் ஊராகத் திரட்டுங்கள். தொழிற்சங்க அலுவலகங்களில் பழைய துண்டறிக்கைகள் இருக்கும், மின்வாரியப் பிரிவு அலுவலகங்களில் விபத்துக் குறிப்பு இருக்கும், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு இருக்கும். ஒப்பந்தக்காரர்களிடம் பெரும்பாலும் எதுவும் இருக்காது; அங்கே உடன் வேலை பார்த்தவர்களைத்தான் கேட்க வேண்டும். பெயர், ஊர், என்ன வேலை, எப்படி இறந்தார், அவ்வளவு போதும். 'மாவீரர்', 'தன்னலமற்ற' போன்ற அடைமொழி எதுவும் வேண்டாம். கருந்தேவக்கத்திக்கும் அடைமொழி கிடையாது.

மூன்று ஆண்டு ஆகலாம், ஐந்து ஆண்டும் ஆகலாம். ஒவ்வோர் ஆண்டும் அதுவரை சேர்ந்த பெயர்களை, என்னைப்போல் ஒருவர் வந்து பேசுவதற்குப் பதிலாக, இந்த மேடையில் வாசித்துவிடலாம். கல் வைப்பதென்றால் அவரவர் ஊர் பஞ்சாயத்து முடிவு செய்யட்டும். இடமும் செலவும் ஊருடையதாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தந்தக் குடும்பத்தைப் போய்ப் பார்த்துக் கேட்க வேண்டும். எங்கள் வீட்டுப் பெயரை வெளியில் சொல்ல வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிட வேண்டும்.